கொடையும் உரிமையும்: ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு', 'நூறு நாற்காலிகள்' காட்டும் பணியறம்

முன்னுரை

தமிழ்ப் புனைகதைக்கு அலுவலகம் புதிய களம் அன்று. நா. பார்த்தசாரதியின் 'பொன் விலங்கு' கல்லூரி ஒன்றின் நிர்வாகத்தோடு மோதும் இளம் விரிவுரையாளரைக் காட்டியது. இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி' தில்லியின் அதிகார வட்டாரங்களில் ஏறிச் செல்லும் ஒருவனின் உள்வெறுமையைப் பேசியது. கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றிய நீல. பத்மநாபன் 'மின் உலகம்' நாவலில் தம் துறையையே களமாக்கிக்கொண்டார். இத்தகைய படைப்புகளுக்குப் பொதுவானதொரு வினா உண்டு. நேர்மையற்ற பணிச்சூழலில் நேர்மையாளன் ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. இணங்குவதா, எதிர்ப்பதா, விலகுவதா என்னும் மூன்று வழிகளுக்கிடையே கதைமாந்தர் அலைவுறுவர்.

ஜெயமோகன் 2011இல் எழுதி அவ்வாண்டிலேயே 'அறம்' என்னும் தொகுப்பாக வெளிவந்த கதைகளுள் 'சோற்றுக்கணக்கு', 'நூறு நாற்காலிகள்' ஆகிய இரண்டும் இவ்வினாவிற்கு முந்தையதொரு வினாவை எழுப்புகின்றன. பணி பெற்ற ஒருவன் அப்பணிக்காக யாருக்குக் கடன்பட்டவன் என்பதே அவ்வினா. தன்னை ஆளாக்கியவர்களுக்கா, தன் குடும்பத்திற்கா, தன் இனத்திற்கா, பணியளித்த அமைப்பிற்கா? இதற்குரிய விடையைப் பொறுத்தே பணியிடத்தில் ஒருவன் மேற்கொள்ளும் தெரிவுகள் அமைகின்றன. இவ்விரு கதைகளையும் ஒருசேர வைத்து, அவை காட்டும் பணியறத்தின் வலிமையையும் வரம்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் வரலாறும்

'சோற்றுக்கணக்கு' திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நிகழ்கிறது. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் உருப்பெற்ற இக்கடைத்தெரு, தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் செறிந்து வாழ்ந்த இடம். தமிழிலக்கியத்தில் இத்தெருவுக்கு நிலையானதோர் இடத்தைப் பெற்றுத் தந்தவர் ஆ. மாதவன். அத்தெருவிலேயே கடை நடத்திய அவர் தம் கடைத்தெருக் கதைகளில் சுமைதூக்குவோர், போக்கிரிகள், சிறுவணிகர், நாதியற்றோர் ஆகியோரைத் தீர்ப்பேதுமின்றிப் படைத்தார். 'எட்டாவது நாள்' கதையின் சாளைப் பட்டாணி இதற்குத் தக்க சான்று. மாதவனின் சாலைத்தெருவில் அறம் ஓர் ஆணையாக ஒலிப்பதில்லை. அங்கே பசியும் காமமும் வன்மமும் தத்தம் போக்கில் இயங்குகின்றன. மாதவனைக் கடைத்தெருவின் கலைஞனாகக் கண்டு தனிநூலே எழுதியவர் ஜெயமோகன். ஆயினும் அதே தெருவை அவர் தம் கதைக்குக் களமாகக் கொள்ளும்போது, எல்லாவற்றுக்கும் விலையுள்ள அவ்விடத்தில் விலையற்ற ஒன்றை நிறுத்திப் பார்க்கிறார். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

'நூறு நாற்காலிகள்' கதைக்குப் பின்னணியாக நிற்பது திருவிதாங்கூரின் பணி வரலாறு. அரசுப்பணி யாருக்கு உரியது என்னும் வினா இந்நகரில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. திருவனந்தபுரத்தில் 1863இல் ஈழவர் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பல்பு, சென்னையில் மருத்துவம் பயின்று தேறியும் சாதி காரணமாகத் திருவிதாங்கூர் மருத்துவப் பணியில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர் மைசூர் அரசின் பணியில் சேர்ந்தார். 1891இல் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியலில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். 1896இல் 13,176 பேரின் கையெழுத்துடன் ஈழவர்களின் விண்ணப்பத்தை அரசுக்கு அளிப்பதில் முன்னின்றார். தகுதி இருந்தும் இடம் மறுக்கப்பட்ட ஒருவர் வேற்று நாட்டில் பணிபுரிந்துகொண்டே சொந்த நாட்டின் கதவைத் தட்டியதை இவ்வரலாறு காட்டுகிறது. கதவு திறந்தபின் உள்ளே சென்றவர்க்கு நேர்வது யாது என்பதை ஜெயமோகனின் கதை காட்டுகிறது. முன்னதன் தொடர்ச்சியாகப் பின்னதைப் படிக்க இடமுண்டு.

கணக்கு வைக்கும் வீடும் கணக்கில்லாக் கடையும்

'சோற்றுக்கணக்கு' கதையின் கதைசொல்லி குமரிப்பகுதியின் வறிய குடும்பத்திலிருந்து உயர்கல்விக்காகத் திருவனந்தபுரம் வருகிறான். மாமாவின் வீட்டில் தங்க இடம் கிடைக்கிறது. ஆனால் மாமி இடும் சோறு அளந்தும் இழிவோடும் இடப்படுகிறது. உண்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. அங்கிருந்து வெளியேறிப் பட்டினியோடு போராடும் அவனுக்குக் கெத்தேல் சாகிபின் உணவுக்கடை புகலிடமாகிறது. அக்கடையில் உண்பவரிடம் பணம் கேட்பதில்லை. ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கும். விரும்பியவர் விரும்பியதை அதில் இடலாம், இடாமலும் போகலாம். சாகிப் இன்சொல் பேசுபவர் அல்லர். பருத்த உடலும் கடுமையான குரலும் கொண்ட அவர், வற்புறுத்தி, ஏறத்தாழ அதட்டி, உணவைப் பரிமாறுகிறார்.

ஒரே பொருளாகிய சோற்றை இருவேறு முறைகளில் இடுவதன்வழிக் கதை தன் கருத்தை அமைத்துக்கொள்கிறது. மாமியின் சோற்றில் உறவு உண்டு, கொடை இல்லை. சாகிபின் சோற்றில் உறவு இல்லை, கொடை உண்டு. திருக்குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் கைம்மாறு கருதாத கடப்பாட்டுக்கு மழையை உவமையாக்கும். மழைக்கு முகமன் தெரியாது, பெறுபவரின் முகமும் தெரியாது. சாகிபின் பாத்திரப்படைப்பு இம்மரபில் வருவது. அவர் கனிவுமிக்கவராகப் படைக்கப்பட்டிருப்பின், உண்பவன் அக்கனிவுக்குக் கடன்பட்டிருப்பான். அவரது கடுமையே உண்பவனை நன்றி கூறும் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறது. கொடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்ளும்போதே கொடை உரிமையாக மாறுகிறது என்பதைக் கதையாசிரியர் இப்பாத்திரத்தின் புறத்தோற்றத்தாலேயே உணர்த்திவிடுகிறார் எனலாம்.

மாமியைப் பற்றிய கதையின் பார்வை மறுபரிசீலனைக்குரியது. 1960களின் நடுப்பகுதியில் கேரளம் கடும் அரிசித் தட்டுப்பாட்டைக் கண்டது. பங்கீட்டு அரிசியைக் கொண்டு வீடுகள் நாள்களைக் கடத்தின. கதையில் வரும் பசியும் இக்காலத்தை ஒட்டியதே. அந்நாளைய வீடொன்றில் அரிசியை அளப்பதும் கணக்கு வைப்பதும் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேலை. வருவாய் ஆணின் கையிலும் பற்றாக்குறை பெண்ணின் கையிலும் இருந்தன. கடை நடத்தும் சாகிபுக்குப் பலர் இடும் பணத்தால் ஈடு செய்யும் வழி உண்டு. அடுக்களையில் நிற்கும் மாமிக்கு அவ்வழி இல்லை. கணக்கின்மை ஓர் அறமாக ஒளிர்வதற்குக் கணக்கு வைப்பவள் ஒருத்தி இழிந்தவளாக்கப்பட வேண்டியிருந்தது என்பது இக்கதையின் ஒரு குறையே.

தீர்க்க இயலாக் கடன்

கல்வி முடித்துக் கல்லூரி விரிவுரையாளராகப் பணி பெற்றபின் கதைசொல்லி எதிர்கொள்ளும் நெருக்கடியே கதையின் மையம். பணி கிடைத்ததும் சேர்ந்த பணத்தைக் கொண்டு அத்தனை ஆண்டுச் சாப்பாட்டின் கடனைத் தீர்க்க அவன் முற்படுகிறான். பெட்டியில் பணத்தை இட்டுக்கொண்டே இருக்கிறான். பெட்டி நிறைந்து வேறு பெட்டி வைக்க வேண்டியதாகிறது. சாகிப் அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. வழக்கம்போல் உணவு இடுகிறார். ஊதியம் பெறத் தொடங்கிய ஒருவன் தன் முதல் உரிமையாகக் கருதுவது கடனடைத்துத் தலைநிமிர்தல். அவ்வுரிமை இங்கே அவனுக்குக் கிட்டவில்லை. கடன் என்று ஒன்று இருந்தால்தானே அடைக்க முடியும்?

இவ்விடத்தில் கதை பணிவாழ்வு குறித்த நுட்பமானதோர் உண்மையைத் தொடுகிறது. நவீனப் பணியமைப்பு உழைப்பையும் ஊதியத்தையும் ஈடாக வைக்கும் கணக்கின்மீது நிற்கிறது. அக்கணக்கு நேராக இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. இதே தொகுப்பின் தலைப்புக் கதையான 'அறம்' எழுத்தாளனுக்கு உரிய கூலி மறுக்கப்பட்ட கொடுமையையே பேசுகிறது. ஆனால் பணிக்குள் நுழையும் எவரும் கணக்கில் வராத பலவற்றை உண்டே அங்கு வந்து சேர்கின்றனர். ஆசிரியர் ஒருவரின் கூடுதல் நேரம், நண்பன் ஒருவனின் பாய், முகமறியாதார் இட்ட சோறு ஆகியன எந்த ஊதியப் பட்டியலிலும் இடம்பெறா. இவற்றைத் திருப்பித் தர இயலாது. அடுத்தவருக்குக் கடத்தவே இயலும். சாகிபின் அலட்சியம் கதைசொல்லிக்கு இதனையே கற்பிக்கிறது.

கற்ற பாடத்தை அவன் செயற்படுத்தும் வழிதான் சிக்கலானது. மாமா இறந்தபின் நொடித்துப்போன குடும்பத்தின் மகள் இராமலட்சுமியை மணக்க அவன் முடிவு செய்கிறான். நல்ல பணியிலுள்ள மாப்பிள்ளைக்குத் திருமணச் சந்தையில் கிடைக்கக்கூடிய விலையை அவன் துறக்கிறான் என்ற அளவில் இது உயர்ந்த தெரிவு. கணக்கு வைத்தவளின் வீட்டிற்கே கணக்கில்லாக் கொடை திரும்பிச் செல்கிறது என்ற வகையில் வடிவ ஒழுங்கும் உண்டு. ஆயினும் இராமலட்சுமியின் விருப்பம் கதையில் ஒலிக்கவில்லை. ஓர் ஆணின் அறவளர்ச்சி நிறைவுறும் இடமாக அவள் வாழ்வு அமைகிறது. பெறுபவரின் முகம் தெரியாத கொடை சாகிபின் கடையில் பெருமை பெற்றது. திருமணத்தில் அதே முகமின்மை வேறு பொருள் தருகிறது. பெட்டியில் பணமிடுவதும் இடாததும் உண்பவரின் விருப்பத்திற்கு விடப்பட்ட அக்கடையின் நெறி, இராமலட்சுமிக்கும் நீட்டிக்கப்பட்டிருப்பின் கதை மேலும் நிறைவெய்தியிருக்கும்.

நேர்காணலில் ஒரு விடை

'நூறு நாற்காலிகள்' இதற்கு எதிர்நிலையில் தொடங்குகிறது. கதைசொல்லியான தர்மபாலன் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி. நாயாடிச் சமூகத்தில் பிறந்தவர். கேரளச் சாதியடுக்கில் நாயாடிகள் தீண்டுதலால் மட்டுமன்றிக் கண்ணிற் படுதலாலேயே தீட்டு உண்டாக்குவோராகக் கருதப்பட்டவர்கள். தொலைவில் நின்று குரலெழுப்பிப் பிச்சை பெற்று வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள். திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12இல் வெளியாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. சட்டத்தின் சொல்லுக்கும் அலுவலகத்தின் நடப்புக்கும் இடையே உள்ள தொலைவையே இக்கதை அளக்கிறது. நாராயணகுருவின் மரபில் வந்த பிரஜானந்தர் என்னும் துறவி சிறுவனான காப்பனை எடுத்துக் கல்வியளித்துத் தர்மபாலனாக்குகிறார். அவனது தாய் பிச்சையெடுத்து அலைபவளாகவே எஞ்சுகிறாள்.

ஆட்சிப்பணித் தேர்வின் நேர்காணலில் தர்மபாலனிடம் ஓர் அறவினா தொடுக்கப்படுகிறது. அவர் தீர்ப்பளிக்க வேண்டிய வழக்கில் ஒருபுறம் நாயாடி ஒருவனும் மறுபுறம் வேறொருவனும் நின்றால் அவர் யார் பக்கம் நிற்பார் என்பது அவ்வினா. சார்பற்று நடப்பேன் என்பது எதிர்பார்க்கப்படும் விடை. அவ்விடையைக் கூறினால் பணி உறுதி. தர்மபாலனின் விடை வேறாக அமைகிறது. நீதியின் அடிப்படை சமத்துவமாயின், நாயாடி ஒருவன் இன்னொருவனுக்கு எதிரே நிறுத்தப்படும் அக்கணத்திலேயே அவன் அநீதிக்கு ஆட்பட்டவனாகிவிடுகிறான் என்னும் கருத்துப்பட அவர் விடை தருகிறார். அவன் கொலையே செய்திருந்தாலும் இது மாறாது என்றும் கூறுகிறார்.

நடுவுநிலைமை என்னும் கோட்பாட்டின்மீது இக்கதை வைக்கும் திறனாய்வு இதுவாகும். சமனற்ற தட்டுகளைக் கொண்ட துலாக்கோலைச் சமன் செய்து சீர்தூக்குதல் எங்ஙனம்? தட்டின் ஏற்றத்தாழ்வைக் காணாது முள்ளை மட்டும் நோக்குபவன் நடுவுநிலையாளன் ஆகான். எனினும் இவ்விடையைச் சட்டநெறியாகக் கொள்வதில் இடர் உண்டு. குற்றம் செய்தவன் யார் என்ற வினாவைப் பிறப்பு என்ற விடையால் அடைத்துவிடுவது, சாதியமைப்பு காலங்காலமாகச் செய்துவந்ததன் தலைகீழ் வடிவமாகிவிடக்கூடும். கதையும் இதனை அறியாததன்று. தர்மபாலனின் விடையைத் தீர்ப்புரையாக அன்றி, தீர்ப்பளிக்கும் இருக்கையில் அமரப்போகும் ஒருவன் தன் பிறப்பை மறைக்க மறுத்து அளித்த வாக்குமூலமாகக் கொள்வதே பொருத்தம். பணிக்காகத் தன் பிறப்பை விலையாகக் கொடுக்கவியலாது என்பதே அதன் சாரம்.

தாயின் பசியும் வினைத்தூய்மையும்

பணியில் அமர்ந்தபின் தர்மபாலன் பெறுவது அதிகாரத்தின் தோற்றம் மட்டுமே. அவரது ஆணைகள் மேசையைக் கடக்கும் முன்னரே வலுவிழக்கின்றன. கீழ்நிலை ஊழியரின் பணிவில் ஏளனம் கலந்திருக்கிறது. போட்டித் தேர்வெழுதி உரிமையால் பெற்ற இடத்தை அமைப்பு அவருக்கு இட்ட சலுகையாகவே நடத்துகிறது. இங்கே இரு கதைகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. சாகிபின் கடை கொடையை உரிமையாக்கியது. தர்மபாலனின் அலுவலகம் உரிமையைப் பிச்சையாக்குகிறது. முன்னதில் உண்டவன் தலைநிமிர்ந்து வெளியேறுகிறான். பின்னதில் அமர்ந்தவன் ஒவ்வொரு நாளும் தன் இருப்புக்கு நன்றி தெரிவிக்கும்படி எதிர்பார்க்கப்படுகிறான். பணியிட அறத்தை அளக்க இதனினும் தெளிவான அளவுகோல் அரிது.

கதையின் உச்சம் தாயோடு தொடர்புடையது. அரசு மருத்துவமனையில் பிச்சைக்காரர்களோடு சாகக்கிடக்கும் தாயைப் பற்றிய செய்தி மாவட்ட அளவில் அதிகாரம் செலுத்தும் மகனுக்கு வந்து சேர்கிறது. முன்பு அவளைத் தம் வீட்டில் வைத்துப் பேண அவர் முயன்றதும், அம்முயற்சி தோற்றதும் நினைவுகளாக விரிகின்றன. மகன் சட்டை அணிவதும் நாற்காலியில் அமர்வதும் தாய்க்குப் பேரச்சம் தருகின்றன. அமர்ந்தால் கொன்றுவிடுவார்கள் என்று அவள் நம்புகிறாள். வாழ்நாள் முழுதும் அவள் உடல் கற்ற பாடம் அது.

திருக்குறளின் 66ஆம் அதிகாரமாகிய வினைத்தூய்மை இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. அமைச்சியலில் அமைந்த இவ்வதிகாரம் வினை மேற்கொள்வார்க்கு உரியது; இன்றைய சொல்லில் அதிகாரிகளுக்கு உரியது. பெற்ற தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்பது அதன் கடுமையான கட்டளைகளுள் ஒன்று. உரையாசிரியர்களும் ஆசிரியர்களும் இக்குறளை இலஞ்சத்திற்கு எதிரான உயர்ந்த எல்லையாக எடுத்துக்காட்டுவது வழக்கம். தாயின் பசி மனிதனுக்கு நேரக்கூடிய மிகப்பெரிய நெருக்கடி என்ற எண்ணமே இக்கட்டளைக்கு ஆற்றல் தருகிறது.

'நூறு நாற்காலிகள்' இவ்வமைப்பைப் புரட்டிப்போடுகிறது. இங்குத் தாயின் பசி மகனைத் தீவினைக்குத் தூண்டவில்லை. தாயின் பசியைக் காணாதிருக்குமாறு பணியே அவரைத் தூண்டுகிறது. பிச்சையெடுக்கும் கிழவியைத் தாய் என்று ஏற்பது அதிகாரியின் தகுதிக்கு இழுக்கு என்று அவரைச் சூழ்ந்த உலகம் கருதுகிறது. சான்றோர் எனப்படுவோரே பழிப்புக்குரியதைப் பழிக்காமல், பழிப்புக்குரியதல்லாத தாய்மையைப் பழிக்கின்றனர். வினைத்தூய்மைக் குறள் சான்றோரின் பழியை நம்பி எழுந்தது. அச்சான்றோர் வட்டமே சாதியால் திரிபுற்றிருக்குமாயின் யாருடைய பழியை அஞ்சுவது? பழைய அறநூலுக்கும் புதிய அலுவலகத்திற்கும் இடையே இக்கதை திறந்துவைக்கும் வினா இதுவே. குறளின் கட்டளை இதனால் பொய்யாவதில்லை. சான்றோர் என்ற சொல்லின் பொருளை ஒவ்வொரு காலமும் மீண்டும் ஈட்ட வேண்டியுள்ளது என்பதே இதனால் பெறப்படுவது.

உயர்சாதியில் பிறந்த மனைவி சுதாவின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. அவள் மாமியாரை ஏற்காதவளாகக் காட்டப்படினும், தன் குழந்தை இழிவுக்கு ஆளாகாமல் வளர வேண்டும் என்னும் அவளது கவலை போலியன்று. முதற்கதையின் மாமிக்குக் கிடைக்காத ஒன்று சுதாவுக்குக் கிடைக்கிறது. தன் தரப்பை எடுத்துரைக்கும் குரல் அவளுக்கு உண்டு. அறச்சிக்கல் என்பது நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போராகாமல், இரு நியாயங்களுக்கிடையிலான இழுபறியாக இரண்டாம் கதையில் அமைந்ததற்கு இக்குரலும் ஒரு காரணம். இவ்வகையில் 'நூறு நாற்காலிகள்' முன்னதை விடவும் முதிர்ந்த படைப்பு எனலாம்.

நாற்காலியும் சிம்மாசனமும்

பணியிடம் இவ்வளவு இழிவைத் தருமாயின் அதைத் துறப்பதே மானமுடைய செயல் அன்றோ என்னும் வினா எழும். காந்திய மரபிலும் தமிழ் நாவல் மரபிலும் பதவி துறத்தல் உயர்ந்த முடிவாகவே போற்றப்பட்டுள்ளது. இறக்கும் தாயின் விருப்பமும் அதுவே. சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியை விட்டு இறங்குமாறு அவள் கேட்கிறாள். தாய்க்குக் கடன்பட்ட மகன் என்ற நிலையில் தர்மபாலன் இணங்க வேண்டும். இணங்கினால் அவளைப் பிச்சைக்காரியாக்கியவர்களின் விருப்பமே நிறைவேறும். தாயன்பும் சாதியின் ஆணையும் ஒரே சொல்லில் வந்து நிற்கும் இவ்விடம் தற்காலத் தமிழ்ச் சிறுகதையில் அரிதாக எட்டப்பட்ட அறநெருக்கடிகளுள் ஒன்றாகும்.

கதை இதனைக் கடக்கும் விதம் தலைப்பிலேயே உள்ளது. ஒரு நாற்காலி போதாது, நூறு வேண்டும். ஒருவன் அமர்ந்திருக்கும் ஒற்றை நாற்காலி சலுகையாகவே காணப்படும். அமர்பவர் பலராகும்போதே அது இயல்பாகும். துறவு ஏற்கெனவே உடையவனுக்கு அழகு. இதுவரை அமர விடப்படாதவனுக்கு அமர்ந்திருத்தலே அறம். இதே தொகுப்பின் 'வணங்கான்' கதையில் நேசமணியின் துணையோடு யானை மீதேறும் அதிகாரியின் காட்சி ஒரு நாள் வெற்றியின் பேருவகையைத் தருகிறது. நாற்காலியோ நாள்தோறும் அமர வேண்டியது. யானையிலிருந்து நாற்காலிக்கு வரும்போது பெருமித உணர்வு குறைந்து பொறுப்புணர்வு மிகுகிறது.

இக்கதை ஜெயமோகனாலேயே மலையாளத்தில் 'நூறு சிம்ஹாசனங்கள்' என்ற பெயரில் எழுதப்பட்டுக் கேரளத்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. பெயர் மாற்றம் கருதற்குரியது. சிம்மாசனம் அரசாட்சியைக் குறிக்கும். ஆள்பவர் ஒருவராகவும் பணிபவர் பலராகவும் இருக்கும் அமைப்பை நினைவூட்டும். நூறு சிம்மாசனங்கள் என்னும்போது அவ்வமைப்பே பகடிக்குள்ளாகிறது. அனைவரும் அரியணையில் அமர்ந்தால் அரசன் எங்கே? தமிழ்த் தலைப்பு இத்தகைய ஒலியின்றி எளிமையாக நிற்கிறது. நாற்காலி பள்ளியிலும் அலுவலகத்திலும் தேநீர்க் கடையிலும் கிடப்பது. அத்தகைய எளிய பொருளே மறுக்கப்பட்டது என்பதைத் தமிழ்த் தலைப்பும், அதனை மறுத்தவர்கள் அதை அரியணையாகவே கருதினர் என்பதை மலையாளத் தலைப்பும் உணர்த்துகின்றன. இரு மொழி வாசகரும் ஒரே கதையை இரு வாயில்களின் வழியே அடைகின்றனர்.

ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

இக்கதைகள் தனிமனிதரின் உயர்பண்பைப் போற்றுவதன்வழி அமைப்பின் பொறுப்பை மறைக்கின்றன என்று ஒரு மறுப்பு எழக்கூடும். பசித்த மாணவனுக்குச் சோறிட வேண்டியது ஒரு சாகிபின் பெருந்தன்மையா, விடுதியும் உதவித்தொகையும் அளிக்க வேண்டிய அரசின் கடமையா? இம்மறுப்பில் உண்மை உண்டு. 'சோற்றுக்கணக்கு' கதையைத் தனித்துப் படிப்பவர் பசியைத் தீர்க்கப் புண்ணியவான்கள் போதும் என்று கருத இடமுண்டு. ஆனால் இரு கதைகளையும் சேர்த்துப் படிக்கையில் நிலைமை மாறுகிறது. பிரஜானந்தரும் சாகிபைப் போன்ற கொடையாளரே. அவரது கொடையால் ஒரு சிறுவன் அதிகாரியாகிறான். அதன்பின்னர் அவ்வதிகாரியைக் காக்க அக்கொடை போதவில்லை. தனிமனித அறம் ஒருவனை வாயில்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே அவன் அமர்வதற்கு அமைப்பு மாற வேண்டும். முதற்கதை எழுப்பும் நம்பிக்கையின் எல்லையை இரண்டாம் கதை வரைந்து காட்டுகிறது.

இவ்வெல்லை கல்விநிலையங்களுக்கும் பொருந்துவது. இடஒதுக்கீட்டால் சேரும் மாணவரையும் அதன்வழிப் பணிபெறும் ஆசிரியரையும் தகுதி என்ற சொல்லால் நாள்தோறும் மறுநேர்காணலுக்கு உட்படுத்தும் இடம், உரிமையைப் பிச்சையாக்கும் இடமே. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு அரசுப்பணியில் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. வாய்ப்பு பெற்றவரைச் சமமாக அமரவைப்பது சட்டத்தால் மட்டும் இயல்வதன்று. உடன் பணிபுரிவோரின் நடத்தையாலேயே அது நிறைவேறும். தர்மபாலனின் கதை அவரைப் பற்றியது என்ற அளவுக்கு அவரைச் சூழ அமர்ந்திருந்தவர்களைப் பற்றியதுமாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு.

பணியறம் குறித்த தமிழ்ப் புனைகதைகள் பெரும்பாலும் நேர்மையாளனின் தெரிவையே மையமாக்கின. ஜெயமோகனின் இவ்விரு கதைகளும் அத்தெரிவுக்கு முற்பட்ட கடன் என்னும் சிக்கலை மையமாக்கி அம்மரபை விரிவுபடுத்துகின்றன.

கொடையை உரிமையாக அளிக்கும் இடம் பெறுபவனை அறத்தின்பால் செலுத்துகிறது. உரிமையைக் கொடையாக அளிக்கும் இடம் பெறுபவனைச் சிறுமைப்படுத்துகிறது. சாலைத்தெருவின் உணவுக்கடையும் ஆட்சிப்பணி அலுவலகமும் இவ்விரு நிலைகளின் குறியீடுகளாகின்றன.

பதவி துறத்தலே மேலான அறம் என்ற மரபுவழிக் கருத்தை 'நூறு நாற்காலிகள்' மறுக்கிறது. விலக்கப்பட்டவர் தம் இடத்தில் நிலைத்திருத்தலும் பிறர்க்கு இடம் உண்டாக்குதலும் அறமெனக் காட்டுகிறது. நடுவுநிலைமை, வினைத்தூய்மை ஆகிய பழங்கோட்பாடுகளைச் சாதியின் பின்னணியில் மறுவாசிப்புச் செய்ய இக்கதை இடந்தருகிறது.

பெண்மாந்தரைப் பொறுத்தவரை முதற்கதை குறையுடையது. மாமியின் கணக்குக்குப் பின்னுள்ள பற்றாக்குறையும் இராமலட்சுமியின் விருப்பமும் கதையின் அறப்பார்வைக்குள் வரவில்லை. கணக்கற்ற கொடையைப் போற்றும் கதையொன்று, அடுக்களையில் கணக்கு வைக்கும் சுமையை யார் சுமந்தனர் என்பதையும் கணக்கில் கொண்டிருக்க வேண்டும். சாலைத்தெருவைக் களமாகக் கொண்ட ஆ. மாதவனின் கதைகளை இவ்வினாவோடு மீண்டும் படிப்பது, தென்திருவிதாங்கூர்த் தமிழ்ப் புனைகதையின் அறநோக்கை முழுமையாக அறிய உதவும்.